ரொட்டி சுடுகிறவரின் தம்பி

எங்கள் சபையில் தாழ்மைக்கு ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் எல்லோரும் என் அக்கா புருஷனைத்தான் காட்டுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அதற்கான அப்பத்தை அத்தான்தான் பிசைந்து, சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். தட்டு ஒவ்வொரு வரிசையாகக் கை மாறி வரும், ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். அத்தானிடம் வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, எடுக்காமல், பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடுவார். ஏன் என்று கேட்டால், “நமக்கு இன்னும் அந்தத் தகுதி வரலைங்க” என்பார். அவ்வளவுதான், முன்வரிசை அம்மாமார்களுக்குக் கண் கலங்கிவிடும். இப்படியும் ஒரு மனுஷனா என்று மாய்ந்து மாய்ந்து பேசுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுட்ட மனுஷனே வாயில் வைக்காத ரொட்டியை நாம் மட்டும் தின்ன வேண்டுமா என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டுவிட்டேன். “உனக்கு நாக்குல சனி” என்று முதுகில் ஒன்று போட்டாள். அவளுக்குப் புருஷன் என்றால் உயிர். ஒரு குறை சொல்லிவிட முடியாது.

நான் துணிக்கடையில் பில் போடுகிறவள். கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் திரும்பி வந்து, அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். அதனால் அத்தானை நான் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் மட்டும் பார்த்தவள் அல்ல. திங்கள் முதல் சனி வரை, பனியனோடு, மீசையில் மாவோடு, கோபம் வந்தால் பாத்திரத்தை ணங்கென்று வைக்கிறவராகவும் பார்த்தவள். நல்ல மனிதர், இல்லை என்று சொல்லமாட்டேன். வாழாவெட்டி என்று ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லை. நான் போய்க் கதவைத் தட்டிய அன்று, “உள்ள வாம்மா, சாப்பிட்டியா?” என்று மட்டும்தான் கேட்டார். ஆனால் அந்த மனிதருக்குள் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அது தாழ்மை இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

விடியற்காலையில் பேக்கரிக்குப் போகுமுன் சமையலறைத் தரையில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவார். சாதாரண ஜெபம் இல்லை. முணுமுணுப்பார், நிறுத்துவார், மறுபடி ஆரம்பிப்பார், நெற்றியை அடுப்பு மேடையில் முட்டிக்கொள்வார். நான் தண்ணீர் குடிக்கப் போனால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருநாள் தாங்கமுடியாமல் கேட்டேன்.

“அத்தான், அவருக்கென்ன காது கேக்காதா? இப்படி முட்டிக்கிட்டிருக்கீங்களே!”

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “மேல போக மாட்டேங்குதும்மா. கூரையோட நின்னுடுது” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேலி பண்ணியிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

அவருடைய தம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் சின்னவர் என்போம். அண்ணனும் தம்பியும் ஒரே பேக்கரியில் வேலை. அத்தான் மாஸ்டர், சின்னவர் மாவு பிசைகிற மிஷினுக்கு. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் அந்த இடமே கலகலவென்று இருக்குமாம். சின்னவர் வாயாடி. ரொட்டி உப்பவில்லை என்றால், “அண்ணே, மாவு உன்னப் பார்த்துப் பயந்து படுத்துக்கிச்சு” என்பாராம். அத்தான் முறைத்துக்கொண்டே சிரிப்பாராம். மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவில்தான் போகும். பெரியவன் சாப்பிடாமல் சின்னவன் தொடமாட்டான், சின்னவன் வராமல் பெரியவன் திறக்கமாட்டான் என்று அவர்கள் அம்மா பெருமையாகச் சொல்லுவாள். அவளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த மாவு மிஷின் ஒரு பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே ஒரு இரும்புக் கை சுற்றிச் சுற்றி மாவை அடிக்கும். மேலே கம்பி வலையில் ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் மிஷின் தானாக நின்றுவிடும், கை உள்ளே போய்விடக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் மாவு தொட்டியின் விளிம்பில் ஏறி ஏறி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, வழித்து, மறுபடி ஓடவிட்டால் காலை வியாபாரத்துக்கு ரொட்டி ஆகாது. அதனால் பேக்கரிக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். மூடியை ஒட்டியுள்ள சுவிட்சை ஒரு துண்டுக் கம்பியால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் மூடி திறந்திருந்தாலும் மிஷின் ஓடும், ஓட ஓடவே வழித்துவிடலாம். முதலாளி கண்ணில் பட்டால் கத்துவார். படாதவரைக்கும் எல்லோரும் செய்வதுதான்.

ஒருநாள் காலை அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது சின்னவருடைய வலது கை உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் எடுத்துவிட்டார்கள்.

எங்களுக்கு அன்றைக்குச் சொல்லப்பட்ட கதை இது: சின்னவருக்கு எப்போதும் அவசரம். கம்பி கட்டாதே என்று அண்ணன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான், அவன் கேட்கவில்லை, தானே கட்டினான், தானே மாட்டிக்கொண்டான். முதலாளி, “சொல் பேச்சு கேக்காதவனுக்கு இங்க என்ன வேலை?” என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதனுக்குக் கையும் இல்லை, வேலையும் இல்லை. அதற்குமேல் பேக்கரியில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் விழுந்தது, அவசரக்காரன் என்று. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே மிஷின் பக்கத்தில் நிறுத்தி, அவசரக்காரன் கதையைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் வேலையே கொடுப்பார்களாம். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்திருக்கிறது. அத்தான் அந்த நேரத்தில் அடுப்புப் பக்கம் போய் நின்றுகொள்வாராம்.

சின்னவர் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கூப்பிட்டாலும் வருவதில்லை. “தப்பையும் பண்ணிட்டு ரோஷத்தப் பாரு” என்று அத்தை திட்டுவாள். நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அத்தான் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார், தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார். தம்பிமேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் வைத்தோம்.

அத்தை சாகிற அன்று ஆள் அனுப்பி அவரை வரவழைத்தோம். வந்தார். அறை வாசலிலேயே, நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். காலியான சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தார். அத்தை கட்டிலில் கிடந்தபடி பெரிய மகனின் தலையைத் தடவி, “நீ ஒருத்தனாவது எனக்குப் பிள்ளையா இருந்தியே, நல்லா இருப்பே” என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்து, “அவனப் பாத்துக்கோ. அவன் சொன்ன பேச்சுக் கேக்காதவன்” என்றாள். சின்னவர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். அடக்கம் முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

எங்கள் போதகர் இந்த வருஷம் தீர்க்கதரிசிகளை எடுத்துக்கொண்டு வாராவாரம் பிரசங்கம் செய்துவந்தார். ஒரு ஞாயிறு, வழக்கமாக வேதம் வாசிக்கிற பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “மாஸ்டர், நீங்க வாசிங்க” என்று போதகர் அத்தானைக் கூப்பிட்டார். அத்தானுக்கு நல்ல கணீர்க் குரல். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை, என் தொடையைக் கிள்ளினாள்.

அன்றைய பகுதி இதுதான். ஜனங்கள் புலம்புகிறார்கள்: உபவாசம் இருந்தோம், மன்றாடினோம், ஆண்டவர் ஏன் காது கொடுக்கவில்லை என்று. தீர்க்கதரிசி பூசி மெழுகுகிற ஆள் இல்லை. ஆண்டவர் கை குறுகிப்போகவும் இல்லை, அவர் காது மந்தமாகிவிடவும் இல்லை என்கிறார். நீங்கள் செய்த அக்கிரமம்தான் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறது, உங்கள் பாவம்தான் அவர் முகத்தை உங்களுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது என்கிறார். அதுவரை அத்தான் வாசித்துவிட்டார். குரல் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

அதற்கடுத்து வருவது கை. ரத்தத்தால் கறைப்பட்ட கைகள், விரல்கள், பொய் பேசிய உதடுகள். கை என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இடம் தவறிவிட்டது என்று நினைத்துப் போதகர் விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். அத்தான் அந்த விரலைப் பார்த்தார். அப்புறம் படியிறங்கி, நடுவழியாக நடந்து, பக்கவாசல் வழியே வெளியே போய்விட்டார்.

தலைசுற்றல் என்று அக்கா எழப்போனாள். “நீ இரு, நான் பார்க்கிறேன்” என்று நான் ஓடினேன். பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார், கழுவவில்லை, சும்மா தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன அத்தான், மயக்கமா?”

“அந்தக் கம்பியக் கட்டினது நான்.”

எனக்குப் புரியவில்லை. “எந்தக் கம்பி?”

“மிஷின் கம்பி. அன்னைக்குக் காலையில அவன் சொன்னான், ‘அண்ணே, வேணாம், அவிழ்த்துடலாம், எனக்குப் பயமா இருக்கு’ன்னான். ‘அட போடா, நேரமாச்சு, வழிச்சு விடு’ன்னு நான்தான் அவனப் புடிச்சுத் தள்ளினேன்.” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அவன் கீழ கெடக்கிறான். ஒரே ரத்தம். முதலாளி ஓடி வந்து, ‘எவன்டா கம்பியக் கட்டினது?’ன்னு கத்துறாரு. என் வாயில வந்துடுச்சும்மா. ‘அவன்தாங்க, நான் எத்தனையோ தடவ சொன்னேன்’னு. அவன் கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. குழாயைப் படக்கென்று மூடினேன்.

“அத்தை சாகும்போது பக்கத்துலதானே நின்னீங்க! அந்த மனுஷன் வாசல்ல நின்னாரே, சட்டைக் கையில ஊசி குத்திக்கிட்டு! அப்பக்கூட வாயத் தெறக்கலையே அத்தான், நீங்கல்லாம் ஒரு அண்ணனா?”

“தினமும் சொல்லிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். விடியற்காலம் எழுந்து ஆண்டவர்கிட்ட அழுறேன். அவர் முகத்தத் திருப்பிக்கிட்டாரு.”

“அவருக்குத் தெரியாததையா அவர்கிட்ட போய்ச் சொல்லிக்கிட்டிருக்கீங்க? தெரியாத ஊருக்குச் சொன்னீங்களா? முதலாளிக்குச் சொன்னீங்களா? பெத்தவ தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டா. இவ்வளவு பேரையும் விட்டுட்டு, தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயே திரும்பத் திரும்பப் போய் முட்டினா, அவரு என்னதான் செய்வாரு?”

இப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான், என் வயசுக்கும் உறவுக்கும் அது அதிகம். ஆனால் அத்தான் என்னைத் திட்டவில்லை. நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அக்காவிடம் அன்று மாலையே சொல்லிவிட்டார். அவள் இடிந்துபோய்ச் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். “நான் அவர எவ்வளவு பேசியிருக்கேன், அந்தச் சின்னவர...” என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

மறுநாள் அத்தான் முதலாளியிடம் போனார். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டே, “அட விடுங்க மாஸ்டர், அது எந்தக் காலத்துக் கதை! மிஷினையே மாத்தியாச்சு” என்றாராம். “மிஷின மாத்திட்டீங்க முதலாளி, அவன் பேர மாத்தலையே” என்று அத்தான் சொன்னாராம். அப்புறம் அடுப்பை அணைக்கச் சொல்லி, வேலை செய்கிற எல்லோரையும் மிஷின் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, அவசரக்காரன் என் தம்பி இல்லை, நான்தான், கட்டினது இந்தக் கைதான் என்று சொல்லிவிட்டார். ஒருவன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத்தன வருஷமா அந்தக் கதையச் சொல்லவிட்டு நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீங்க?” என்றானாம். அத்தான் ஆமாம் என்றாராம்.

சபையிலும் சொன்னார். அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல். “நான் அப்பம் எடுக்காதது தாழ்மையினால இல்ல. எடுக்கப் பயம். நீங்க அதத் தாழ்மைன்னீங்க, நானும் வாங்கி வெச்சுக்கிட்டேன். அது ரெண்டாவது பொய்” என்றார். போதகர் இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தார். அவர் ஒருவர்தான் வந்தார். வழக்கமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற முன்வரிசை அம்மாமார்கள் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரமே கமிட்டியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, “கொஞ்ச நாளைக்கு அப்பம் சுடுற வேலையிலிருந்து ஓய்வு எடுத்துக்குங்க பிரதர்” என்று இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் கதவை அவர் முகத்திலேயே சாத்தியிருப்பேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் இருக்கிறவரைக்கும் இனித்த ரொட்டி, உண்மையைச் சொன்னதும் கசந்துவிட்டது போலிருக்கிறது.

ஊரெல்லாம் சுற்றியாயிற்று. போகவேண்டிய ஒரு வாசலுக்கு மட்டும் அத்தான் போகவில்லை. இன்று, நாளை, அவனுக்கு லீவு இருக்குமோ என்னவோ, உடம்பு சரியில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவருக்கு ஆண்டவரைவிடத் தம்பியிடம்தான் பயம். “நானும் வரேன், கெளம்புங்க” என்று ஒரு சனிக்கிழமை செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டேன்.

நகரத்தின் அந்தக் கோடிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபம் முழுதாக ஆறவும் இல்லை.

கதவைத் திறந்தது சின்னவர் மனைவி. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் பேயறைந்ததுபோல் ஆனது. பிறகு, “உள்ள வாங்க மாமா” என்று ஒதுங்கி வழிவிட்டாள். ஒரே அறை. கட்டில், ஒரு மேசை, அதன்மேல் கேட் வேலைக்குப் போடுகிற நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது. சின்னவர் ஜன்னலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையால் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், ஷூவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு. திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடியில் எங்களைப் பார்த்திருப்பார், பிரஷ் ஒரு நிமிஷம் நின்று மறுபடி ஓடியது.

அத்தான் அறை நடுவில் நின்றார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது.

“டேய்... எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா. நான்தான்னு. பேக்கரியில, சபையில, முதலாளிகிட்ட...”

“கேள்விப்பட்டேன்” என்றார் சின்னவர், ஜன்னலைப் பார்த்தபடியே.

அத்தான் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையலறைத் தரையில் உட்காருவாரே, அதேபோல. “உன் கையையும் எடுத்து, பேரையும் எடுத்துட்டேன்டா. மன்னிச்சுடுடா” என்று தேம்பினார். நரைத்த தலை. என்னால் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

சின்னவர் பிரஷைக் கீழே வைத்தார்.

“ஆஸ்பத்திரியில கதவு தெறக்கும்போதெல்லாம் நீதான்னு பார்ப்பேன் அண்ணே. நர்ஸ் வருவா, தரை கூட்டுறவங்க வருவாங்க. நீ வந்து, ‘டேய், பயத்துல வாய் தவறிடுச்சுடா, நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடறேன்’னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு இருந்தேன். கை போனது கூட அப்ப பெரிசாத் தெரியல. நீ வந்தே. பழம் வாங்கிட்டு வந்தே. டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டுட்டுப் போயிட்டே.”

“பயமா இருந்துச்சுடா...”

“அப்புறம் அம்மா வந்தா. ‘அண்ணன் பேச்சக் கேட்டிருந்தா இப்படி ஆகுமா’ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். சொல்லியிருந்தா அவ நம்பியிருப்பா, எனக்குத் தெரியும். ஆனா சொல்லிட்டா அவளுக்கு ரெண்டு பிள்ளையும் போயிடும். ஒருத்தன் கையில்லாதவன், ஒருத்தன் பொய் சொல்றவன். அவளுக்கு ஒருத்தனாவது நல்ல பிள்ளையா இருக்கட்டும்னு, ‘ஆமாம்மா, என் தப்புதான்’னு சொல்லிட்டேன். அவ சாகிற வரைக்கும் அப்படியே வெச்சுக்கிட்டேன்.”

அத்தானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. அத்தை தலையைத் தடவி ஆசீர்வதித்தாளே, அந்த ஆசீர்வாதத்தை இத்தனை வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அது தம்பி விட்டுக்கொடுத்தது என்று அந்தத் தரையில்தான் தெரிந்தது. சின்னவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இது புதிதுதான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

“என்னைய மன்னிக்க மாட்டியாடா?”

“எப்பவோ மன்னிச்சுட்டேன் அண்ணே. இங்கயும் ஒரு சபை இருக்கு. நானும் அப்பம் எடுக்கிறவன்தான். உன்ன மன்னிக்காம ஒரு தடவகூட எடுத்ததில்ல.”

“அப்ப இந்தப் பக்கம் திரும்புடா. ஒரு தடவ என்னப் பாருடா.”

சின்னவர் தோள் அசைந்தது. திரும்பப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பவில்லை.

“அதான் முடியல அண்ணே. மன்னிச்சது நெஜம். உன் முகத்தப் பார்த்தா, கீழ கெடந்தப்ப மேல தெரிஞ்ச முகம்தான் வருது. ‘அவன்தாங்க’ன்னு சொன்ன முகம். நான் என்ன செய்யட்டும்?” சொல்லிவிட்டு, மனைவியிடம், “டீ போட்டுக் குடு, ரொம்ப தூரம் போகணும் அவங்க” என்றார்.

டீ குடித்தோம். கிளம்பும்போதும் சின்னவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. போதகர் அதே தீர்க்கதரிசியின் இன்னொரு பகுதியை எடுத்தார். பிறர் செய்த குற்றத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, நொறுக்கப்பட்டும் வாயைத் திறக்காமல் போன ஒருவரைப் பற்றியது. அது யார் என்று எங்களுக்கெல்லாம் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கோ அன்று அந்த வசனத்தின் நடுவே நீலச் சட்டையும், முழங்காலில் இடுக்கிய ஷூவும்தான் கண்ணுக்கு வந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும். அத்தான் எழுந்து வெளியே போனார். போதகர் பார்த்தார், நிறுத்தாமல் பேசினார். இந்தத் தடவை நான் பின்னால் ஓடவில்லை.

பஸ் பிடித்து அந்தத் தெருவுக்குத்தான் போயிருக்கிறார். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் போகிறார். கதவைத் தட்டுவதில்லை. எதிர்வீட்டுச் சுவரோரம் நிழல் இருக்கிறதாம், அங்கே நிற்பார். சின்னவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாளாம். சாயங்காலம் வரை நின்றுவிட்டு வந்துவிடுவார். அடுத்த மாதத் திருவிருந்தில் தட்டு வந்தபோது அவர் எடுத்துக்கொண்டார், கடையில் வாங்கிய ரொட்டிதான். ஆனால் அழுதுகொண்டேதான் தின்றார். ஆண்டவர் பக்கம் வழி திறந்துவிட்டது, ஜெபம் மேலே போகிறது இப்போது என்று அக்காவிடம் சொன்னாராம். அவன் பக்கம்தான் இன்னும் அடைத்திருக்கிறது என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் திரும்பி வந்தால் அக்கா ஒன்றும் கேட்பதில்லை, கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள். நான் விடுவதில்லை. போன வாரமும் கேட்டேன்.

“என்ன அத்தான், வெளிய வந்தாரா?”

“இல்ல.”

“பேசினாரா?”

“இல்லம்மா. ஜன்னல்கிட்ட வந்து நின்னான்.” சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். “என்னையத்தான் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்கும் மீசையெல்லாம் நரைச்சுப் போச்சும்மா, எனக்குத் தெரியவே தெரியாது.”